கலம்காரியின் கலம்

ஓவியத் திறனாய்வு என்ற பெயரில் நம் இதழ்களில் வெளிவருவன பெரும்பாலும் ஓவியத்தின் கருப்பொருளோடு நின்றுவிடுகின்றன. வரைந்த கை பற்றியிருந்த கருவியும், அக்கருவி உறிஞ்சிய மையும் பேசப்படுவதில்லை. இவற்றை ஒதுக்கிவிட்டு மதிப்பிடவே இயலாத கலைகளும் உள. கலம்காரி அவற்றுள் ஒன்று.

1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1962இல் அருகிலுள்ள திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. பரதநாட்டியத்தால் புகழ்பெற்ற அந்நிறுவனம் கைத்தறி நெசவையும், இயற்கைச் சாயங்களால் வரையும் கலம்காரியையும் பேணி வந்திருக்கிறது. அங்குக் கலம்காரி வேரூன்றக் கமலாதேவி சட்டோபாத்யாய் துணைநின்றார்.

'கலம்' என்பது அரபுச் சொல். திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் இப்பெயரையே கொண்டது. 'காரி' என்பது செய்தொழிலைக் குறிக்கும் பாரசீகச் சொல். கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில் மசூலிப்பட்டினத்துத் துணிகள் பாரசீகத்திற்குக் கப்பலேறின; பெயரும் அவ்வுறவில் விளைந்ததே. தமிழிலோ கலம் என்றால் பாத்திரம். வியப்பு என்னவெனில், இரு பொருளும் இங்கே பொருந்துகின்றன. கூராக்கிய மூங்கில் குச்சியில் கம்பளியையோ துணியையோ சுற்றி நூலால் கட்டுகிறார்கள். அது சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. விரல்கள் மெல்ல அழுத்தும்போது சாயம் நுனிக்கு இறங்குகிறது. எழுதுகோலும் அதுவே, மைக்கூடும் அதுவே. தன் விரல்களின் அழுத்தம் அறிந்து ஓவியரே அதனைக் கட்டிக்கொள்கிறார்.

மையும் அத்தகையதே. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டு வாரக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். கடுக்காய்ச் சாறும் பாலும் ஊட்டிய துணியை அந்நீர் தொட்டதும் கடுக்காயின் துவர்ப்போடு கலந்து கருமையாகிறது. பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. விழுந்த கோட்டை அழிக்க வழியில்லை. சிவப்புக்கோ ஏறக்குறைய நிறமற்ற படிகார நீரால் முதலில் வரைய வேண்டும். வேர்ச்சாயத்தில் துணி கொதித்த பிறகே சிவப்பு வெளிப்படும். ஆக, தான் இடும் நிறத்தைக் காணாமலேயே ஓவியர் இடுகிறார். பொருளோடு நீண்டகாலம் பழகியவருக்கன்றி இந்த நம்பிக்கை வாய்க்காது.

அரபு எழுத்தணிக்கலை அறிந்தோருக்கு இது அந்நியமன்று. 'ஹிப்ர்' எனும் மை மாசிக்காயாலும் அன்னபேதியாலும் ஆனது: அதே துவர்ப்பு, அதே இரும்பு. நாணல் கோலைச் சீவும் முறையே அங்குக் கல்வியின் தொடக்கம். ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) மறைந்த இப்னு முக்லா, கலத்தின் நுனி இடும் புள்ளியையே எழுத்துகளுக்கு அளவுகோலாக்கினார். அவருடைய வலக்கை வெட்டப்பட்ட பின் முன்கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கருவிக்கும் கலைஞருக்கும் உள்ள உறவை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் செய்தி அரிது.

இன்று வேதிச்சாயத்தில் திரை அச்சிட்ட துணிகளும் 'கலம்காரி' என்றே விற்கப்படுகின்றன. மலிவான துணியை வாங்குவோர் மீது நமக்குக் குறையில்லை. மசூலிப்பட்டினத்தின் மரஅச்சு மரபும் இப்பெயருக்கு உரியதே. அது சாயத்தின் ஒழுங்கைக் கைவிடவில்லை. ஆனால் கலமும் தொடாத, கடுக்காயும் அறியாத துணிக்கு அப்பெயரைச் சூட்டுவது கலைஞரின் உழைப்பைப் பெயரளவில் வைத்துக்கொண்டு அவரை நீக்கிவிடுவதாகும். தமிழ்நாட்டின் கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது வரவேற்கத்தக்கது. எனினும் குறியீடு பெயரைத்தான் காக்கும். மை புளித்துப் பதமானதை மணத்தால் அறியும் பயிற்சியை ஆசிரியரின் அருகிலிருந்து மாணவர் பெற்றாக வேண்டும்.

ஆகவே ஒரு கலம்காரித் துணியின் முன் நிற்கும் திறனாய்வாளர், அதில் வரையப்பட்ட கதை எதுவென வினவுமுன் கோட்டைப் பார்க்கட்டும். மை தீர்ந்து கலத்தை மீண்டும் தோய்த்த இடத்தில் கோடு சற்றே தடித்திருக்கும். அச்சு இயந்திரத்திற்கு அத்தடிப்பு குறை. ஓவியருக்கோ அது கையொப்பம்.