காடையை எடுத்தார்கள், வெள்ளையை விட்டுவிட்டார்கள்

காடைக்கும் கௌதாரிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருத்தர் காடைப் படத்தை நகலெடுத்தால் என்ன ஆகும்? போன வாரம் மியூசியம் இணையத்தளங்களில் பழைய பீங்கான் தட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்த சந்தேகம் இது.

ஜப்பானின் அரிதாவில், 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ககியெமோன் பீங்கான்களில் 'இரட்டைக் காடை' ரொம்பப் பிரபலம். தட்டின் ஒரு பக்கமாக ஒதுங்கி இரண்டு காடைகள், கொஞ்சம் புல், ஒரு பூங்கிளை. மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகசாகி வழியாக ககியெமோன் பீங்கானை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக, 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன், பிரான்சின் ஷான்டிய், லண்டன் பக்கத்து 'போ' தொழிற்சாலை எல்லாரும் இந்தக் காடையைப் போட்டார்கள்.

'போ' தட்டை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பறவைகள் இருக்கின்றன, கிளையும் இருக்கிறது. ஆனால் ஏதோ குறைகிறது. அன்றைய இங்கிலாந்தில் இந்த வடிவத்துக்குக் 'கௌதாரி' என்றே பேர். ஜப்பானியக் கவிதை மரபில் காடை இலையுதிர்காலத்துப் பறவை. ஆளில்லாத புல்வெளியில் கேட்கும் குரல். கௌதாரி என்று கூப்பிட்டதும் அந்தத் தனிமை போச்சு.

இன்னொரு இழப்பு மண்ணில். ககியெமோனின் சிறப்பான வெள்ளைக்கு 'நிகோஷிதே' என்று பேர். அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தை வைத்து வந்த பேர் என்கிறார்கள். மற்ற அரிதா பீங்கானில் தெரியும் லேசான நீலச்சாயல் இதில் இருக்காது. அந்த வெள்ளை மேல்தான் சிவப்பும் பச்சையும் எடுத்துக் கொடுக்கும். காடை நிற்கும் வெளியே அதுதான் என்பது என் வாசிப்பு. எலும்புச் சாம்பல் கலந்த 'போ' மண்ணில் அந்த வெளி வரவே இல்லை.

மைசன் கதை வேறு. அங்கே கெட்டிப் பீங்கான் ரகசியம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது. அதனால் 1729-இல் லெமேர் என்ற பாரிஸ் வியாபாரி மைசனில் ஜப்பானியப் பாணிப் பாத்திரங்களை ஆர்டர் செய்து, அசல் ஜப்பான் சரக்கு என்று விற்கப் பார்த்தார். மைசனின் குறுக்குவாள் முத்திரை கண்ணில் படக்கூடாது என்பது ஏற்பாடு. 1731-இல் குட்டு உடைந்தது. ஆக, நன்றாக வந்த நகல் ஏமாற்றப் பயன்பட்டது. சுமாராக வந்த 'போ' நகல் யாரையும் ஏமாற்றவில்லை. இதனால் 'போ' மேல் எனக்கு மரியாதை கொஞ்சம் கூடியது. ஆனாலும் படமாகப் பார்த்தால் அது தோல்விதான்.

நிகோஷிதே 18-ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. 1953-இல் 12-ஆம், 13-ஆம் ககியெமோன்கள், அதாவது அப்பாவும் மகனும், அதை மீட்டார்கள். காடையை யார் வேண்டுமானாலும் பார்த்து வரையலாம். வாரிசுகள் பாடுபட்டுத் தேடியது படம் வரையாத அந்த வெள்ளையைத்தான். அடுத்த தடவை இந்தத் தட்டைப் பார்த்தால், பறவையை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பாருங்கள்.