ஒரு மின்குமிழின் அளவு

வில்லியம் கம்குவாம்பா, பிரையன் மீலருடன் சேர்ந்து எழுதிய ‘தி பாய் ஹூ ஹார்னஸ்ட் த விண்ட்’ 2009இல் வெளிவந்தது. அதே பெயரில் சுவெட்டல் எஜியோஃபோர் இயக்கிய படம் 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. படத்தை மகளோடு பார்த்தேன். நூலைப் பிறகு தனியே வாசித்தேன். அந்த வரிசை எனக்கு ஒரு சங்கடத்தைக் கொடுத்தது.

மலாவியில் கசுங்கு நகருக்கு அருகே ஒரு கிராமம். 2001–02இல் பஞ்சம். கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்ட 14 வயதுச் சிறுவன், ஆரம்பப் பள்ளி நூலகத்தில் காற்றாலைப் படம் போட்ட பாடநூலொன்றைக் காண்கிறான். ஆங்கிலம் போதாது. வரைபடங்களைப் பார்த்து, அவற்றைச் சுற்றியுள்ள சொற்களுக்குப் பொருள் தேடுகிறான். ட்ராக்டர் விசிறி, சைக்கிள் சட்டகம், சூடாக்கித் தட்டையாக்கிய பிவிசி குழாய், மரக் கோபுரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறான். டைனமோ மட்டும் அகப்படவில்லை. நண்பன் கில்பர்ட் தன் காசைக் கொடுத்து வழிப்போக்கன் ஒருவனின் சைக்கிளிலிருந்து அதை வாங்கித் தருகிறான்.

படத்தின் பலம் தந்தை. இயக்குநரே ஏற்ற பாத்திரம் அது. மகன் கேட்பது அவர் ஓட்டும் சைக்கிளை. அதை வெட்டவிடுவது தன் அதிகாரத்தையும் சேர்த்து வெட்டவிடுவது என்று அவர் முகம் சொல்கிறது. தானியக் கையிருப்பை விற்றுவிட்டு மக்களைக் கைவிட்ட அரசையும் படம் மறைக்கவில்லை.

ஆனால் முடிவில் காற்றாலை சுழல, பம்பு ஓட, வறண்ட தோட்டம் பச்சையாகிறது. நூலில் அப்படி இல்லை. அடுத்த அறுவடை வந்தபின்தான் பசி போகிறது. காற்றாலை அதற்குப் பிறகே எழுகிறது. அது முதலில் எரிய வைத்தது ஒரு சின்ன மின்குமிழை. நீர்ப் பம்பு வருவது பல ஆண்டுகள் கழித்து, வெளியுலகம் அவனை அறிந்த பிறகு.

இரண்டு மணி நேரப் படத்துக்கு இப்படிச் சுருக்கம் தேவை என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், மகள் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால். “நீங்களும் இப்பிடி ஏதும் செய்தனீங்களோ அப்பா?”

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். இரவில் பிபிசி தமிழோசைக்காக அயலே முற்றத்தில் கூடும். மிதிப்பவர் களைத்தால் குரல் தேயும். இதைச் சொன்னேன். “அதாலை ஆரும் தப்பினவையோ?” என்றாள். “ஓம், செய்தி கேட்டபடியால்தான் தப்பினம்” என்றேன்.

அதுதான் நான் பொருத்திய பம்பு. உண்மையில் எங்களுக்கு ஏற்கெனவே நடந்து முடிந்ததைத்தான் பெரும்பாலும் அந்த வானொலி சொன்னது. அதனால் ஒரு ஷெல்லும் திசை மாறவில்லை.

படத்தில் எனக்குள்ள குறை இதுதான். சிறுவனின் கெட்டித்தனம் பஞ்சத்தைத் தீர்த்ததாக முடித்துவிட்டால், பஞ்சத்தை வரவிட்டவர்கள் கடைசிக் காட்சியில் காணாமல் போய்விடுகிறார்கள். நூல் அந்த வசதியைத் தருவதில்லை. பசியால் இறந்தவர்கள் இறந்தவர்களாகவே இருக்கிறார்கள். அதற்குப் பின்னும் ஒரு பையன் இருட்டில் வாசிப்பதற்கு வெளிச்சம் வேண்டுமென்று கம்பி முறுக்குகிறான். சிச்சேவா மொழியில் காற்றாலைக்குச் சொல் இல்லாததால் அவன் அதற்கு ‘மின்சாரக் காற்று’ என்று பெயரிட்டான். அந்தப் பெயரில் மிகை எதுவும் இல்லை.

நூலை முடித்த இரவே மகளிடம் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். “அப்ப ஏன் மிதிச்சனீங்கள்?” என்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை என்றேன். படத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். நூலுக்கு இளையோர் பதிப்பும் உண்டு. அதையும் அவர்கள் கையில் கொடுங்கள்.