அளவைக்கு ஆயிரம் கண், வால்வுக்கு ஒன்றும் இல்லை

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற வழியில், மங்கலம்பேட்டைப் பக்கம் சில வருடங்களுக்கு முன் ஒரு பங்க் திறப்புக்குப் போயிருந்தேன். வாசலில் வாழைமரம், பம்புக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நல்ல நேரம் முடிவதற்குள் ஆக வேண்டுமென்று ஐயர் அவசரப்படுத்த, கற்பூரத் தட்டை பம்பின் முகத்துக்கு நேரே மூன்று சுற்று சுற்றினார்கள். நாஸிலிலிருந்து முதல் பெட்ரோல் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒருவரும் பதறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஐந்து லிட்டர் அளவையைக் குனிந்து பார்த்த ஒரு பெரியவர், "கோட்டுக்குக் கீழ நிக்குதேப்பா" என்றார். கூட்டம் மொத்தமும் திரும்பியது.

எரிபொருள் பம்பை நிறுவி ஓடவிடுகிற நம்முடைய முறையின் பலமும் பலவீனமும் அந்தக் காலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிடலாம். அளவு விஷயத்தில் நம் ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி பம்புக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. அளவையை முதலில் எரிபொருளால் நனைத்துக் கவிழ்த்து வடியவிட்டு, அதன்பிறகே சோதிக்கிறார்கள். உலர்ந்த பாத்திரத்தில் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும் துளியே கணக்கைக் கெடுக்கும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. சரியாக வந்தால் மீட்டரின் திருகை அசைக்க முடியாதபடி கம்பி கோத்து ஈயமுத்திரை. அதோடு முடியவில்லை. வண்டியோடு வருகிற யாரும், எந்த நாளிலும், "அளந்து காட்டு" என்று கேட்கலாம்.

முத்திரையை ஏமாற்றவே முடியாது என்று சொல்ல வரவில்லை. 2017 ஏப்ரலில் லக்னோவில் காவல்துறை சோதனை போட்டபோது, ரிமோட்டில் இயங்கும் சில்லுகள் பம்புக்குள் அகப்பட்டன. ஆனாலும் அந்தத் திருட்டு எத்தனை பெரிய செய்தியானது! அளவு என்றால் ஊருக்கே உறைக்கிறது.

பம்புக்குக் கீழே நடப்பது யாருக்கும் உறைப்பதில்லை. இப்போது பல பங்க்குகளில் இழுக்கிற மோட்டார் பம்புக்குள் கிடையாது. நிலத்தடி டாங்கிலேயே மூழ்கிக் கிடந்து, குழாய் வழியாக எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. பம்பின் அடியில், குழாய் மேலே ஏறும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். லாரி மோதி பம்பு சாய்ந்தால், வால்வின் கழுத்தில் இதற்கென்றே மெலிதாக விட்டிருக்கும் பள்ளத்தில் முறிந்து, கதவு மூடிக்கொண்டு எண்ணெயை நிறுத்த வேண்டும். அது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள். அந்தப் பள்ளம் சிமென்ட் மேடையின் மட்டத்துக்கு வர வேண்டும். வால்வைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். கொத்தனார் மேடையை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டாலோ, போல்ட் விட்டுப்போனாலோ, மோதும்போது வால்வு முறியாமல் குழாய் முறியும். மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. மோட்டாரை ஓடவிட்டு, வால்வின் நெம்புகோலைத் தட்டிவிட்டு, நாஸிலில் ஓட்டம் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். முதன்முதலாக ஓடவிடும் அன்று இதைப் பார்த்தாக வேண்டும். மின்கேபிள் வரும் குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்பதும் அன்று பார்க்க வேண்டியதுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியைத் தேடி இறங்கும். காற்றில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவாகக் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அடைக்காத கேபிள் குழாய் அந்த ஆவியைச் சுவிட்ச் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்விடும்.

வால்வைத் திறக்கிற வரிசையும் சாதாரண விஷயம் இல்லை. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் இந்தியன் ஆயில் கிடங்கில், ஒரு டாங்கிலிருந்து பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் செய்தபோது, குழாயில் ஒரு இடம் மூடப்படாமல் இருக்கையிலேயே டாங்க் வால்வு திறந்தது. ஒன்றேகால் மணி நேரம் பெட்ரோல் பீய்ச்சியது. ஆவி மேகம் வெடித்து, தீ பல நாள் எரிந்தது. கிடங்கு எங்கே, நம்ம ஊர் பங்க் எங்கே என்று கேட்கலாம். பிழையின் சாதி ஒன்றுதான்.

பாதுகாப்புக்கு விதி இல்லையா? தாராளமாக உண்டு. 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள், பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் உரிமம், டாங்க் கசியவில்லை என்ற சோதனைச் சான்று, எண்ணெய் நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல். குறை சட்டத்தில் இல்லை, சோதனையின் சுபாவத்தில் இருக்கிறது. ஐந்து லிட்டர் அளவை கண்ணெதிரே நடக்கிறது, திரும்பத் திரும்பச் செய்யலாம். வால்வுச் சோதனை, நடந்தால், ஒரே ஒருமுறை, பூட்டிய தகட்டுக்குப் பின்னால் நடக்கிறது. பிறகு வெறும் கையெழுத்தாகிக் கோப்புக்குள் போய்விடுகிறது. இதற்காக இன்னொரு சான்றிதழைச் சேர்க்கச் சொன்னால் கோப்பு தடிக்குமே தவிர வேறொன்றும் ஆகாது. ஆண்டு முத்திரை நாளில் எப்படியும் பம்பைத் திறக்கிறார்கள். அப்போதே நெம்புகோலையும் தட்டி, பங்க் ஆட்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் அளவும் முதல்நாள் வேலையும் கைகோக்கின்றன, காற்றில். புதுக் குழாயில் இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றாமல் விற்பனையைத் தொடங்கினால், மீட்டர் காற்றையும் எண்ணெயாக எண்ணிவிடும். ஒவ்வொரு ஹோஸிலும் ஓட்டம் சீராகும்வரை ஊற்றி, அதை டாங்குக்கே திருப்பிவிட வேண்டும். விழா அவசரத்தில் முதலில் சுருங்குவது இந்த வேலைதான்.

எர்த் குழியையும் சொல்ல வேண்டும். முந்திரி விளையும் இந்தச் செம்மண் ஐப்பசி மழையில் ஊறிக் கிடக்கும்போது எர்த் அளந்தால் அளவு அழகாக வரும். கத்திரியில் மண் காய்ந்ததும் அதே குழி வேறு எண் காட்டும். மழைக்காலச் சான்றிதழை ஆண்டு முழுக்க நம்புவது நமக்குப் பழகிவிட்டது. மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். டாங்கில் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதை இழுத்துக்கொண்டு அடியில் தனிப் படலமாகத் தங்கும். தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் பழைய பேஸ்டைக் கம்பியில் தடவி டாங்குக்குள் விட்டுப் பார்ப்பவருக்கு அது தெளிவாகத் தெரியாமலே போகலாம்.

போன மாதம் அதே பங்க்கில் டீசல் போட நின்றேன். "தம்பி, இந்த பம்புக்கு அடியில வால்வு எங்க இருக்கு?" என்று கேட்டேன். பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சாவி மேனேஜரிடம் இருப்பதாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்தேகம்னா சொல்லுங்கண்ணே, அஞ்சு லிட்டர் அளந்து காட்டிடறேன்" என்றான்.