காட்சிப் பேழையும் தேர்வீதியும்: ஆனந்த குமாரசுவாமியின் கலைநோக்கு

ஆனந்த குமாரசுவாமி 1918இல் நூலாக்கிய ‘சிவ நடனம்’, திருமந்திரம், உண்மை விளக்கம் ஆகியவற்றின் துணைகொண்டு ஆடவல்லான் திருமேனியை ஐந்தொழிலின் குறியீடாக உலகிற்கு விளக்கியது. எனினும் அவ்விளக்கம் படிமத்தின் பொருளைக் கூறுமளவிற்கு அதன் பயன்பாட்டைக் கூறவில்லை. பீடத்துத் துளைகள் தண்டு கோத்துத் தோளில் சுமப்பதற்கானவை. அருங்காட்சியகம் போற்றும் உடல்வளைவு, திருவுலாவில் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்தே நிற்கும். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய குமாரசுவாமியே, 1943இல் வெளிவந்த நூலில், கலைப்பொருள்கள் காட்சிக்கென ஆக்கப்பட்டவையல்ல என வாதிட்டார். மண்ணுள் புதைந்து கிடந்த பத்தூர் நடராசர் மீது கோயிலுக்குள்ள உரிமையை 1991இல் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அத்தீர்ப்பு இவ்வாதத்திற்கு அரண் செய்கிறது. ஆகவே கலையின் பொருளை வடிவில் மட்டும் தேடுதல் போதாது. யார் சுமந்தனர், யார் வழிபட்டனர் என்பனவும் திறனாய்வின் வினாக்களாதல் வேண்டும்.