எட்டாம் கிளாஸ் எங்க படிச்சது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். களியக்காவிளையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிய வந்த பையனிடம் கடைக்காரர் கேட்டார்: "எட்டாம் கிளாஸ் எங்க மக்கா படிச்சது?"

"எட்டும் ஒம்பதும் பாறசாலையிலயாக்கும் அண்ணே."

மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்பம் நேட்டிவிட்டி வேணுமே. ஏன் முன்னமே எடுக்கல்ல?"

பாறசாலை சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலத்தில் கிடந்தன என்பதை விண்ணப்பப் படிவம் அறியாது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு நேட்டிவிட்டி என்கிற இருப்பிடச் சான்று தேவையில்லை. இடையில் ஒரு வகுப்பு எல்லை தாண்டினாலும் தேவை. பொறியியலுக்கு நுழைவுத்தேர்வை ஒழித்து, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட்-ஆஃப் போடுகிற எளிமையான முறை நம்முடையது. மாணவரைத் திணறடிப்பது மதிப்பெண்ணைவிடக் காகிதம்தான்.

இலங்கையிலும் பள்ளி இருக்கும் இடம் பேசும், இன்னும் உரத்து. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டப் பள்ளியில் படித்தார் என்பதே அவருடைய மாவட்டத்தைத் தீர்மானிக்கிறது. கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான படிப்புகளில் 40 விழுக்காடு இடம் நாடு முழுவதற்குமான தகுதிப்படி, 55 மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் மருத்துவத்துக்குக் கொழும்புக்கு ஒரு வெட்டுப்புள்ளி, கிளிநொச்சிக்கு வேறொன்று. நம் கலந்தாய்வு மாவட்டத்தைக் கேட்பதில்லை. குமரியும் ராமநாதபுரமும் ஒரே பட்டியல்தான். நாம் கேட்பது சாதிச் சான்று, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்காக. எனக்கு இரண்டும் வேண்டும் என்று தோன்றும். மலையோரப் பள்ளிக்கும் நகரப் பள்ளிக்கும் உள்ள தூரத்தைச் சாதிச் சான்று மட்டும் அளந்துவிடாது.

மதிப்பெண் கணக்கிலும் அவர்கள் வேறு. இயற்பியலில் எல்லோருடைய சராசரி 40, திட்டவிலக்கம் 15 என்றால், 70 எடுத்தவர் சராசரியைவிட இரண்டு திட்டவிலக்கம் மேலே; அவருடைய இசட் புள்ளி 2. கடினமான பாடம் எடுத்தவர் நஷ்டப்படக் கூடாது என்பது நோக்கம். மூன்று தடவை எழுதலாம். யாழ்ப்பாணத்தில் "செகண்ட் ஷை" என்றால் இரண்டாம் முயற்சி. பரீட்சை எழுதியதற்கும் வளாகத்துக்குள் போவதற்கும் இடையே ஒரு வருடம் கடந்துவிடுவதும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் ரிசல்ட், சில மாதங்களில் ஹாஸ்டல். அங்கே காத்திருந்தே சோர்கிறார்கள். இங்கே யோசிக்க நேரமில்லாமல், கேள்விப்பட்ட நாலு கல்லூரிப் பெயரை மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள்.

விருப்பப் பட்டியல் இரு நாட்டிலும் வரிசைப்படிதான் பார்க்கப்படும். கிடைக்கும் என்று நினைப்பதை மேலே வைத்தால் கிடைப்பது அதுவாகவே இருக்கும். ஆசைப்பட்டதை மேலே எழுத வேண்டும். போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்து, கீழே நிறைய எழுத வேண்டும்.

பையன் குழித்துறை தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினான். கூட வந்த அம்மாவிடம் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார்: ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 விழுக்காடு தனி இடம் உண்டு; பொறியியலுக்கு 2021இலிருந்து.

"இளையவ எத்தனாம் கிளாஸ்?"

"அஞ்சு முடிச்சிருக்கா. பாறசாலையிலதான் சேக்கணும்னு அவ அப்பா நிக்காரு."