மாயச் சந்தையும் இறப்பர்த் தோட்டமும்: ‘இரட்சணிய யாத்திரிகம்’ பற்றிய ஒரு நோக்கு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. ஜோன் பன்யன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவியது அது. ஆசிரியரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றுவதோடு நம்மவர் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். பொருளே பெரிதெனக் கொண்ட மேனாட்டு வாழ்வின் நடுவே விசுவாசி எங்ஙனம் வாழ்வது என்னும் வினாவை மூலநூல் எழுப்புகின்றது. தமிழ்க் காவியம் அதனை எவ்வாறு ஏற்றது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

பன்யனின் மாயச் சந்தையில் வீடும் நிலமும் பட்டமும் மட்டுமன்றி, வேலையாட்களும் மனித உடலும் உயிரும் ஆன்மாவும் விலைப்படுகின்றன. நாட்டுக்கொரு தெருவுண்டு, பிரித்தானியத் தெருவும் அவற்றுள் ஒன்று. அனுமதியின்றிப் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிருந்த அவர், தம் நாட்டைத் தீர்ப்புக்குப் புறம்பாக்கவில்லை. சந்தையில் எதையும் வாங்க மறுத்த யாத்திரிகருள் ஒருவன் கொல்லப்படுகின்றான்.

கிருஷ்ணபிள்ளை இக்கதையை ஐந்து பருவங்களாக விரித்தார், மூலத்தில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளை ‘இரட்சணிய சரிதப் படல’த்திற் பாடினார், இடையிடையே தேவாரப் பாடல்களை அமைத்தார். மறுப்பை மட்டுமே காட்டின் விசுவாசம் வறண்ட ஒழுக்கமாகும். மறுத்தற்குரிய வலிமை அன்பினின்று பிறக்கின்றது என்பதை இப்பாடல்கள் உணர்த்துகின்றன. இது தழுவலாசிரியரின் தனிச்சாதனை.

எனினும், களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அணித்தான கரவனெல்லவில் இருந்து வாசிப்போனுக்கு ஒரு குறை புலப்படும். இலங்கைத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர்க்கான மிஷன் 1854இல் தொடங்கிற்று. தோட்டத்துரைமாரே அதனை வரவேற்றுப் பொருளும் உதவினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். நற்செய்தியும் சந்தையும் ஒரே கப்பலில் வந்திறங்கின எனலாம். மனித உழைப்பை விலைபேசிய தெருவினின்றே அத்தெருவைக் கண்டிக்கவேண்டிய போதனைக்கும் பொருள் கிடைத்தது. அந்நெல்லைச் சீமையிற் பிறந்த கவிஞரின் காவியமோ உலகப்பற்றை ஆன்மாவின் பிணியாகக் காணும் அளவிற்கு, அதனைத் தொழிலாகவும் கூலியாகவும் காணவில்லை. பன்யனின் எளிய உரைநடை சந்தையின் இரைச்சலைக் கேட்பிக்கின்றது. விருத்தத்தின் மிடுக்கு அதனைத் தொலைவிலிருந்து வரும் ஓசையாக்கிவிடுகின்றது.

இக்குறையால் நூல் பயனற்றதாகிவிடாது. 1975இல் பிரித்தானியக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், சந்தை கலையவில்லை. அது நம் வீட்டு விருப்பங்களிலும் கடைவிரித்துள்ளது. ஆகவே மேனாட்டைப் பழித்துவிட்டு நாம் தப்பிவிட முடியாது. அயலவனின் உழைப்புக்கு நாம் என்ன விலை வைக்கின்றோம் என்பதே விசுவாசத்தின் உரைகல். கிருஷ்ணபிள்ளையின் பக்தியையும் பன்யனின் துணிவையும் ஒருங்கே கற்பவனே இக்காவியத்தை முழுமையாக வாசித்தவனாவான்.