ஷிப்ட் எதை நகர்த்தியது?

கணினிக் கலைச்சொல் பட்டியல்களைப் புரட்டும்போது ஒரு இடத்தில் எனக்கு எப்போதும் இடிக்கும். ஷிப்ட் என்றால் 'மாற்று விசை'. சரி. ஆல்ட்? அதையும் சிலர் 'மாற்று விசை' என்றே எழுதுகிறார்கள். ரெண்டையும் சேர்த்து அழுத்தச் சொல்லணும்னா என்ன எழுதுவது?

1878இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சில் ஒரே அச்சுக்கம்பியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் இருந்தன. ஷிப்டை அமுக்கினால் தாளைத் தாங்கும் பகுதி இடம் நகரும். மற்ற எழுத்து பதியும். பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். பேக்ஸ்பேஸும் அப்படியே. மெஷினில் அது எதையும் அழிக்காது, ஒரு எழுத்து பின்னால் போகும். கணினியில் அழிக்கிறது. ஆங்கிலம் பழக்கத்தில் பழைய பெயரையே வைத்துக்கொண்டது. நாம் புதிதாகப் பெயர் வைப்பவர்கள். 'பின்னழி' என்று வைத்திருக்கலாம். 'பின்நகர்வு' என்று, இல்லாத மெஷினை மொழிபெயர்த்தோம்.

விசையின் வேலை தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமலா? ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தமிழ் டைப்பிங் லோயர், ஹையர் முடித்தவர் யாரையாவது மெஷினில் 'வில்லிபுத்தூர்' என்று அடிக்கச் சொல்லுங்கள். ல், த், ர் மூன்றுக்கும் புள்ளியை முதலில் தட்டுவார், எழுத்தைப் பிறகு. புள்ளியைத் தட்டினால் கேரேஜ் நகராது. அடுத்து வரும் எழுத்து அதே புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். ஆங்கிலத்தில் இது 'டெட் கீ'. 'செத்த விசை' என்று பெயர்த்தால் யாருக்கும் ஒண்ணும் புரியாது. 'நகரா விசை' என்றால் வேலையே பெயராகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளைச் சின்ன விசைப்பலகைக்குள் அடக்கியதில் இந்த நகரா விசைக்குப் பெரிய பங்கு உண்டு.

1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99இல் வரிசை தலைகீழ்: எழுத்து முதலில், புள்ளி பிறகு. அதிலும் 'லல' என்று அடித்தால் தானாக 'ல்ல', 'தத' என்றால் 'த்த'. வில்லிபுத்தூருக்குக் கடைசி 'ர்' ஒன்றுக்குத்தான் புள்ளி விசை வேண்டும்.

மெஷின் போய்க் கணினி வந்தது, தட்டும் வரிசை மாறியது. புள்ளி விசையின் பெயர் மட்டும் மாறவில்லை. அது வேறு மொழியிலிருந்து பெயர்த்த சொல் இல்லை. தட்டினால் என்ன விழுமோ அதுதான் பெயர். அடுத்த கலைச்சொல் பட்டியல் போடுபவர்கள் அகராதியைத் திறக்கும் முன், பத்து வருஷம் டைப் அடித்த ஒருவரிடம் "இதை அமுக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.